கடல் கடந்து வரும் சவரக்கத்தியும் சுங்கத் தீர்வையும்

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் மின்னணு நகரத்தைக் கடந்தால், பொம்மசந்திரத் தொழிற்பேட்டைக்குச் சற்று முன்னதாக வருவது ஹெப்பகோடி. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. முன்பு கேழ்வரகு விளைந்த அந்நிலப்பரப்பில் இன்று ஆலைகளும், மருந்து ஆய்வுக் கூடங்களும், அவற்றில் பணிபுரிவோர் குடியிருக்கும் அடுக்கு வீடுகளும் நிறைந்துள்ளன. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலும் அங்கே வந்துவிட்டது. தமிழ்நாட்டின் எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் அங்கே மிகுதி. தெற்கே நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களும் உண்டு.

அங்கே வாழும் இளைஞர்களிடையே அண்மைக் காலமாக ஒரு புது வழக்கம் காணப்படுகிறது. முகச்சவரத்துக்கு வேண்டிய கருவிகளை அயல்நாடுகளிலிருந்து நேரே தருவித்துக் கொள்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து ரேசர், ஜப்பானிலிருந்து பிளேடு, இங்கிலாந்திலிருந்து சோப்பு, வேறெங்கிருந்தோ பிரஷ். கைபேசியில் படம் பார்த்து விலையைச் செலுத்திவிடுகிறார்கள். பொருள் வந்து சேரும்போது விலைக்கு மேல் மற்றொரு விலை கேட்கப்படுகிறது, திகைத்து நிற்கிறார்கள். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நம்மிடம், "இந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, சார்?" என்று கேட்டு வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். இவ்விஷயம் ஹெப்பகோடிக்கு மட்டும் உரியதன்று. மும்பையில் தாராவியிலும், தில்லியில் கரோல்பாக்கிலும், சூரத்திலும், ஐதராபாதிலும் வாழும் தமிழன்பர்களுக்கும் இதே கணக்குத்தான். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பேச எண்ணுகிறோம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். மொழிபெயர்ப்பாளரிடம் அகப்பட்ட நேயர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அயல்நாட்டு விற்பனையாளர் ஒருவரின் தமிழ் அறிவிப்பில், 'வழக்கங்களின் கடமை உங்களால் செலுத்தப்பட வேண்டும்' என்று அச்சிட்டிருந்ததைக் கண்டோம். இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பு அது. ஆங்கிலத்தில் சுங்கத்தைக் குறிக்கும் சொல்லுக்கு வழக்கம் என்றும் பொருள். தீர்வையைக் குறிக்கும் சொல்லுக்குக் கடமை என்றும் பொருள். வழக்கமாகக் கொடுத்து வந்த பணம் என்னும் கருத்தில் பிறந்த சொல்லாதலால், இயந்திரத்தை முற்றிலும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நம்மிடமோ 'சுங்கத் தீர்வை' என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. பழந்தமிழில் உல்கு என்றார்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கும் பண்டங்களுக்கும் ஏறிச் செல்லும் பண்டங்களுக்கும் புலி இலச்சினை பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான். வரி விதித்த அரசர்கள் ஆயிரம் பேர். வரியை நீக்கியதற்காகப் பெயர் பெற்றவன் அவன். கன்னடத்திலும் இச்சொல் 'சுங்க' என்றே வழங்குகிறது. மாகடி சாலையில் உள்ள 'சுங்கதகட்டே' என்னும் பகுதியின் பெயரில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேருந்தில் அவ்வழியே போகும் தமிழர்கள் பெயர்ப் பலகையைப் படித்தால், அறிமுகமான முகம்போல் தோன்றும்.

அயல்நாட்டுச் சவரப் பொருள்கள் மீது நம்மவருக்கு உள்ள ஆசையும் புதியதன்று. நுகர்பொருள்களை அயல்நாட்டிலிருந்து தருவிக்க எளிதில் உரிமம் கிடைக்காத காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைக்க வழியாக அமைந்த பர்மா பஜாரில், கண்ணாடிப் புட்டியில் அடைத்த சவர நீரும், மெழுகுக் காகிதம் சுற்றிய பிளேடும் வாங்கி, அதைப் பெருமையோடு அலமாரியில் வைத்த தந்தைமாரை நம்மில் பலர் கண்டிருக்கலாம். எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகளை 2001ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று அரசு நீக்கியது. அதன் பின்னர், 'தருவிக்கலாமா?' என்ற கேள்வி போய், 'தருவித்தால் எவ்வளவு ஆகும்?' என்ற கேள்வி வந்தது.

அந்தக் கேள்விக்கு விடை காண, ஒரு பொருளைப் பின்தொடர்ந்து போவதே நல்லது. ஹெப்பகோடியில் நாம் அறிந்த ஓர் இளைஞர், 2024ஆம் ஆண்டில், ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் செய்த மடக்குச் சவரக்கத்தி ஒன்றை வாங்க விரும்பினார். தமக்காக அன்று, ஊரில் உள்ள தந்தையாருக்கு. தந்தையார் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகள் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவர். தொழில் தொடங்கிய காலத்தில் தம் ஆசான் கையில் ஒரு சோலிங்கன் கத்தியைக் கண்டு, அதுபோல் ஒன்று தமக்கு வாய்க்கவில்லையே என்று பலமுறை சொன்னவர். அவருடைய மணிவிழாவுக்கு அதையே வாங்கித் தருவது என்று மகன் தீர்மானித்தார்.

சோலிங்கன் என்னும் பெயர் வெறும் விளம்பரப் பெயரன்று. அந்நகரின் கத்திகளுக்கு 1938ஆம் ஆண்டிலேயே சட்டப் பாதுகாப்பு ஏற்பட்டது. முக்கியமான வேலைகள் அனைத்தும் அந்நகர வட்டாரத்திலேயே நடந்திருந்தாலன்றி, கத்தியின் மேல் அப்பெயரைப் பொறிக்க இயலாது. நம் நாட்டு முடிதிருத்துவோரும் ஒரு தலைமுறைக் காலம் அந்தக் கத்தியைத்தான் தோலில் தீட்டித் தீட்டி ஆண்டார்கள். 1990களில் எய்ட்ஸ் நோயைப் பற்றிய அச்சம் பரவிய பிறகு, ஆளுக்கொரு பிளேடு என்ற நல்ல பழக்கம் வந்தது; பிளேடை இரண்டாக ஒடித்து மாட்டும் கத்தி கடைகளில் இடம் பிடித்தது. பழைய கத்திகள் பெட்டிக்குள் போயின. அது வேண்டிய மாற்றமே. ஆனாலும் தொழிலாளிக்குத் தன் கருவியின் மேல் உள்ள பற்று அப்படி எளிதில் பெட்டிக்குள் போய்விடுவதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். எளிதில் விளங்கும் பொருட்டு எண்களை முழுமையாக்கிச் சொல்கிறோம். கத்தியின் விலை 12,000 ரூபாய். கூரியர் மூலம் விமானத்தில் அனுப்பும் கூலி 3,000 ரூபாய். ஆக 15,000 ரூபாய் என்று அவர் எண்ணினார். எவரும் அப்படித்தான் எண்ணுவர். ஆனால் சுங்கத் துறை தீர்வையைக் கணக்கிடும்போது பொருளின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. பொருள், அதைக் கொண்டுவரும் கூலி, வழிக்காப்பீடு ஆகிய மூன்றையும் கூட்டி வரும் தொகையே தீர்வைக்குரிய மதிப்பு. கூலிக்கும் சேர்த்தா தீர்வை என்று கேட்கலாம். ஆம், கூலிக்கும் சேர்த்துத்தான்.

ஆயினும் இதில் வாங்குவோருக்கு நன்மையான ஒரு விதி உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி, விமானத்தில் வரும் பொருளுக்கு உண்மையில் எவ்வளவு கூலி கொடுத்திருந்தாலும், மதிப்பில் சேர்க்கும் கூலி பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேற்படலாகாது. நம் இளைஞர் கொடுத்த கூலி 3,000 ரூபாய். மதிப்பில் சேர வேண்டியதோ 2,400 ரூபாய். காப்பீட்டுச் செலவு தெரியாதபோது விலையில் 1.125 சதவீதம் சேர்ப்பார்கள். அது 135 ரூபாய். கூட்டினால் 14,535 ரூபாய்.

இதன்மேல் தீர்வை. தனிப்பட்ட உபயோகத்துக்காக அஞ்சலிலும் கூரியரிலும் வரும் பொருள்களுக்குச் சுங்க அட்டவணையில் 9804 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. வணிகர் மொத்தமாகத் தருவித்தால் ரேசரும் பிளேடும் ஒரு தலைப்பிலும், சவர நீர் வேறொரு தலைப்பிலும், பிரஷ் இன்னொரு தலைப்பிலும் போகும். நம் வீட்டு முகவரிக்கு வரும் பொட்டலத்திலோ எல்லாம் ஒரே பந்தியில் அமர்கின்றன. அந்த ஆண்டில் அப்பந்தியின் அடிப்படைத் தீர்வை 35 சதவீதம். அந்தத் தீர்வையின்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. மதிப்பு, தீர்வை, கூடுதல் வரி மூன்றையும் கூட்டி, அக்கூட்டுத் தொகையின்மேல் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி 28 சதவீதம். வரியின்மேல் வரி ஏறும் இந்தப் படிக்கட்டைக் கவனியுங்கள். அடிப்படைத் தீர்வை 5,087 ரூபாய். கூடுதல் வரி 509. அதன்மேல் சரக்கு சேவை வரி 5,637. மொத்தம் 11,233 ரூபாய். நூற்றுக்கு 77 ரூபாய் 28 காசு வீதம்! கத்தியின் விலைக்குக் கிட்டத்தட்ட இணையாக வந்து நின்றது தீர்வை.

கூரியர் நிறுவனம் அனுப்பிய அறிவிப்பை எடுத்துக்கொண்டு அவர் நம்மிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. "பொருளே வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடலாமா, சார்? மணிவிழாச் செலவுக்கு வைத்திருந்த பணம்" என்றார். திருப்பி அனுப்புவதும் இலவசமன்று. திரும்பிச் செல்லும் கூலியை விற்பனையாளர் நம் கணக்கில்தான் கழிப்பார். அறிவிப்பை வரிவரியாகத் தமிழில் எழுதித் தந்தோம். எழுதும்போதே ஒன்று கண்ணில் பட்டது. மதிப்பில் கூலி முழுவதையும், அதாவது 3,000 ரூபாயையும் சேர்த்திருந்தார்கள். இருபது சதவீத விதியைக் குறிப்பிட்டு, விலைச் சீட்டின் படியையும் இணைத்து, ஒரு கடிதம் போடச் சொன்னோம். நான்கு நாள் கழித்துத் திருத்திய கணக்கு வந்தது. 464 ரூபாய் குறைந்தது. பெரிய தொகையன்றுதான். ஆனால் கேட்டால் குறையும் என்று அவருக்குத் தெரிந்தது. அது வேறு பல இடங்களிலும் பயன்படும்.

மற்றொரு தடையும் இருந்தது. அவருடைய ஆதார் அட்டையில் இருந்தது சொந்த ஊர் முகவரி. பொட்டலம் வந்ததோ ஹெப்பகோடி முகவரிக்கு. அடையாளச் சான்றும் முகவரியும் பொருந்தவில்லை என்று பொட்டலத்தைக் கிடங்கில் நிறுத்திவிட்டார்கள். வெளிமாநிலத்தில் வாழும் நம்மவரில் பெரும்பாலோருக்கு உள்ள இடர் இது. வீட்டு வாடகை ஒப்பந்தம், எரிவாயு இணைப்புச் சீட்டு, மின்கட்டணச் சீட்டு முதலியவற்றில் ஏதேனும் ஒன்றையேனும் தம் பெயரில் வைத்திருப்பது நலம். ஐந்து பேர் சேர்ந்து ஓர் அறையில் குடியிருந்து, ஒப்பந்தம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், மற்ற நால்வரும் பொருள் தருவிப்பதற்கு முன்பே தத்தம் அலுவலக முகவரியைப் பற்றி யோசிக்க வேண்டும். கிடங்கில் பொருள் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும் என்பதை மறக்கலாகாது. வாங்குபவர் பெயரும், பணம் செலுத்திய அட்டையில் உள்ள பெயரும், அடையாளச் சான்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவது பழக்கம். அயல்நாட்டுப் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். சிலர் அவசரத்தில் ஊர்ப் பெயரை எழுதிவிடுகிறார்கள். பிறகு யார் அந்த மனிதர் என்று நிரூபிக்க இரண்டு வாரம் ஆகிறது.

கத்தி எப்படியோ வந்து சேர்ந்தது, மணிவிழாவும் நடந்தது. தந்தையார் கத்தியைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்துப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டாராம். மகன் தயங்கித் தயங்கித் தீர்வையையும் சேர்த்துச் சொன்னதும், "டேய், இந்தப் பணத்துக்குக் கடைக்கு ரெண்டு நாற்காலி வாங்கியிருக்கலாமேடா" என்றாராம். சொன்னாரே தவிர, கத்தியைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை என்று மகன் நம்மிடம் கூறினார்.

இனி, விகிதங்கள் மாறியுள்ளன. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி முதல் சரக்கு சேவை வரியின் படிகள் திருத்தப்பட்டபோது, தனிப்பட்ட உபயோகத்துக்கு வரும் பொருள்களின் மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாயிற்று. 2026ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த வரவு செலவுத் திட்டத்தில், இப்பொருள்களின் அடிப்படைத் தீர்வையை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. இவ்விரு விகிதங்களையும் கொண்டு அதே கத்திக்குக் கணக்கிட்டால், தீர்வை 4,300 ரூபாய்க்கும் 4,500 ரூபாய்க்கும் இடையில் நிற்கும். முன்னர்க் கேட்ட 11,233 ரூபாயோடு ஒப்பிட்டால் இது பெரிய மாறுதலே. ஆனால் விகிதம் எதுவாயினும் படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. முதலில் மதிப்பு, அதன்மேல் தீர்வை, இரண்டின்மேலும் சரக்கு சேவை வரி. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால், எந்த ஆண்டின் விகிதத்தையும் தாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அஞ்சலில் வரும் பொருளுக்கு, நாம் பணம் கட்டிய நாளின் விகிதமன்று. பொருள் இங்கு வந்து, அஞ்சல் துறை அதன் விவரப் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் அளிக்கும் நாளின் விகிதமே செல்லும். வரவு செலவுத் திட்டத்தையொட்டிய நாள்களில் வாங்குவோர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

கப்பல் கூலி என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இச்சிறு பொட்டலங்கள் பெரும்பாலும் விமானத்தில்தான் வருகின்றன. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோகிராமாகக் கொள்வார்கள். உண்மை எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது மிகுதியோ அதற்கே கூலி. கால் கிலோ எடையுள்ள ரேசரையும் பிரஷையும் 30க்கு 20க்கு 15 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்து, சுற்றிலும் காகிதம் திணித்து அனுப்பினால், 1.8 கிலோவுக்குக் கூலி கொடுக்கிறோம். காற்றுக்குக் கொடுக்கும் கூலி என்றே சொல்ல வேண்டும். சிறு பெட்டியில் அனுப்புமாறு விற்பனையாளருக்கு ஒரு வரி எழுதினால், பலர் செவிசாய்க்கிறார்கள்.

பிளேடு விஷயம் வேறு. நூறு பிளேடுகள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். பதிவு அஞ்சலில் குறைந்த செலவில் வந்துவிடும். ஆகவே பிளேடை மட்டும் தருவிப்பதில் ஓரளவு பொருள் உண்டு. சவர சோப்பைத் தருவிப்பது நம் பார்வையில் வீண். கனமான பொருள், மலிவான விலை; கூலியே விலையை விழுங்கிவிடும். மேலும், 2025 செப்டம்பர் திருத்தத்தில் உள்நாட்டுக் கடையில் விற்கும் சவரக் குழைவுக்கும் சவர நீருக்கும் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அயல்நாட்டிலிருந்து நம் பெயருக்கு வரும் பொட்டலத்துக்கு அந்த 5 சதவீதம் பொருந்தாது. அது முன்சொன்ன 9804 பந்தியில்தான் அமரும். நுரை பீச்சும் அழுத்தக் குப்பிகளையும், சாராயம் கலந்த சவர நீரையும் விமான அஞ்சலில் அபாயப் பொருள்களாகக் கருதுவதால், பாதி வழியில் நிறுத்திவிடவும் கூடும். ஆசை தீராதவர்கள், ஒரே முறையாக ரேசரையும் பிளேடையும் பிரஷையும் ஒரே பொட்டலத்தில் தருவித்தால், தீர்வை குறையாவிடினும் கூலி குறையும்.

ஐரோப்பிய நாடுகளின் கடை விலையில் அந்நாட்டு விற்பனை வரி அடங்கியிருக்கும். ஜெர்மனியில் அது 19 சதவீதம். இங்கிலாந்தில் பெரும்பாலான பொருள்களுக்கு 20 சதவீதம். நாட்டுக்கு வெளியே அனுப்பும் பொருளுக்கு அவ்வரி இல்லையாதலால், ஒழுங்கான விற்பனையாளர் அதைக் கழித்தே விலை போடுவார். 119 யூரோ என்று எழுதிய பொருள் நமக்கு 100 யூரோவுக்குக் கிடைக்க வேண்டும். நம் முகவரியை எழுதிய பிறகும் விலை குறையாவிட்டால், கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கும் வரி, இங்கும் வரி என்று இருமுறை கொடுப்பதற்கு நம்மிடம் என்ன குபேர சம்பத்தா இருக்கிறது? அயல்நாட்டுப் பணத்தில் செலுத்தும்போது பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை தனிக் கட்டணம் பிடிப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

'அன்பளிப்பு என்று எழுதச் சொன்னால் தீர்வை இல்லையாமே' என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. ஒரு காலத்தில் 5,000 ரூபாய் வரையுள்ள அன்பளிப்புகளுக்குத் தீர்வை இல்லாதிருந்தது உண்மை. வணிகத் தளங்கள் அச்சலுகையைப் பெருமளவில் தவறாகப் பயன்படுத்தவே, 2019ஆம் ஆண்டு டிசம்பரில் அரசு அவ்வழியை அடைத்தது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. மற்ற அன்பளிப்புகள் தீர்வை செலுத்தியே வர வேண்டும். ஆகவே அயல்நாட்டில் உள்ள மைத்துனர் உண்மையாகவே அன்போடு அனுப்பினாலும், சுங்க அதிகாரிக்கு அது ஒரு பொட்டலமே. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் தகாது. பொட்டலத்தின் மேல் ஒட்டும் 'சி.என்.22' என்ற சீட்டில் உள்ள விலையும் உண்மை விலையும் வேறுபட்டால், 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 111ஆம் பிரிவின்கீழ்ப் பொருளைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் விதிக்கலாம். வழியில் பொருள் காணாமற்போனால், குறைத்து எழுதிய விலைக்குத்தான் நஷ்ட ஈடும் கிடைக்கும்.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான சிறு பொட்டலங்களுக்கு அளித்த வரி விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு அளித்த விலக்கை 2025 ஆகஸ்டு 29ஆம் தேதியோடு நிறுத்தியது. அதையொட்டி நம் அஞ்சல் துறையே அமெரிக்காவுக்குச் செல்லும் பெரும்பாலான பொட்டலங்களைச் சில காலம் ஏற்காமல் நிறுத்தி வைக்க நேர்ந்தது. சிறு பொட்டலம் கண்ணுக்குத் தெரியாமல் எல்லை கடந்த காலம் எங்குமே முடிந்து வருகிறது.

உறவினர் எவரேனும் அயல்நாட்டிலிருந்து வருவாராயின், அவரிடம் சொல்லி வாங்கி வரச் செய்வதே சிக்கனம். 2016ஆம் ஆண்டின் பயணச் சாமான் விதிகளின்படி, நேபாளம், பூட்டான், மியன்மார் நீங்கலான நாடுகளிலிருந்து விமானத்தில் திரும்பும் இந்தியர் 50,000 ரூபாய் வரையுள்ள பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுவர முடிந்தது. 2026ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவ்வரம்பும் உயர்த்தப்பட்டது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் நம்மவர் இல்லாத குடும்பம் ஏது? ஆனால் கத்தியையும் பிளேடையும் கைப்பையில் வைக்கலாகாது. விமான நிலையப் பாதுகாப்பு வாயிலிலேயே எடுத்துவிடுவார்கள். சரக்காக ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்தியத் தொழிற்சாலையிலேயே செய்து, அயல்நாட்டுப் பெயரோடு வெளிநாட்டில் விற்கும் ரேசர்களும் உண்டு. அத்தகைய ஒன்றை அங்கிருந்து தருவித்தால், இங்கிருந்து போன பொருளுக்கு வரும் கூலியும் தீர்வையும் கொடுத்தவராவோம். எனவே பொறித்துள்ள நாட்டின் பெயரைப் பார்த்துவிட்டு, அதே பொருளை இங்குள்ள வணிகர் என்ன விலைக்கு விற்கிறார் என்றும் விசாரித்த பிறகே பணம் கட்டுவது முறை.

எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றைக் கடைசியாக வைத்திருக்கிறோம். சில ஆண்டுகளாகப் பெங்களூரிலும் பிற பெருநகரங்களிலும் ஒரு வஞ்சகம் நடந்து வருகிறது. தொலைபேசியில் ஒருவர் அழைத்து, 'உங்கள் பெயருக்கு வந்த பொட்டலம் சுங்கத்தில் சிக்கியிருக்கிறது. அதில் போதைப் பொருள் இருக்கிறது' என்பார். பிறகு அதிகாரி போலக் குரலை மாற்றிப் பேசுவார்கள். காணொளியில் சீருடையும் காட்டுவார்கள். வீட்டை விட்டு அசையலாகாது, எவரிடமும் பேசலாகாது என்று மிரட்டி, சேமிப்பு முழுவதையும் ஒரு கணக்குக்கு மாற்றச் செய்வார்கள். உண்மையாகவே ஒரு ரேசரை எதிர்நோக்கியிருப்பவர் இதில் எளிதாகச் சிக்குவார்; ஏனெனில் அவருக்கு ஒரு பொட்டலம் வரவேண்டியிருக்கிறது. ஊர் விட்டு வந்து, உள்ளூர் மொழியும் நன்கு தெரியாமல், காவல் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கும் நம்மவர் பலர் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தை இழந்திருக்கிறார்கள்.

சுங்க அதிகாரி எவரும் தொலைபேசியில் அழைத்துத் தனியார் கணக்கில் பணம் போடச் சொல்வதில்லை. காணொளி மூலம் கைது செய்யும் முறை எந்தச் சட்டத்திலும் இல்லை. அஞ்சலில் வரும் பொருளுக்குரிய தீர்வையை, பொருளைத் தரும்போது அஞ்சல்காரர் சீட்டுக் கொடுத்து வாங்கிக்கொள்வார். கூரியரில் வருவதற்கு, அந்நிறுவனத்தின் சொந்த இணைய முகவரிக்கு நாமே சென்று, பொட்டலத்தின் எண்ணை இட்டுப் பார்த்துச் செலுத்த வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடலாகாது. சுங்கத் துறை அனுப்பும் கடிதங்களில் 2019 நவம்பர் முதல் ஓர் ஆவண அடையாள எண் அச்சிடப்படுகிறது. மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியத்தின் இணைய தளத்தில் அந்த எண்ணை இட்டால், கடிதம் மெய்யா பொய்யா என்று உடனே தெரிந்துவிடும். பணம் போய்விட்டதாயின் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ, அந்த அளவுக்குப் பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. கன்னடமோ இந்தியோ சரளமாகப் பேச வராதவர்கள், பக்கத்து வீட்டாரை உடன் வைத்துக்கொண்டாவது அழைப்பதற்குத் தயங்க வேண்டாம்.